கரண்டியில் பிறக்கும் வாளோசை

வீடியோ விளையாட்டு ஒன்றில் வீரன் ஒருவன் உறைபனி மூடிய மலைச்சரிவில் ஏறிக்கொண்டிருக்கிறான். அவன் கால் பட்ட இடமெல்லாம் 'நறநற' என்று பனி நொறுங்குகிறது. விளையாடுகிற சிறுவனுக்குக் குளிரே எடுத்துவிடுகிறது! ஆனால் அந்த ஓசை பனிமலையில் பிறந்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கார்ன்ஃபிளவர் என்று நம் கடைகளில் விற்கும் மக்காச்சோள மாவை ஒரு தோல் பையில் திணித்து, இறுகக் கட்டி, ஒலிவாங்கியின் முன்னே அழுத்தினால் போதும். பனியில் நடக்கும் ஓசை கிடைத்துவிடும். திரைப்படங்களுக்கு ஒலி சேர்ப்பவர்கள் பல்லாண்டுகளாகக் கையாண்டுவரும் உத்தி இது. சந்தேகமிருந்தால் அடுக்களையிலுள்ள மாவுப் பொட்டலத்தைக் காதருகே பிடித்து அமுக்கிப் பாருங்கள்.

மாவு எவ்வாறு பனியாகிறது? உறைபனி என்பது நுண்ணிய பனிப் படிகங்களின் குவியல். கால் அழுத்தும்போது படிகங்கள் ஒன்றோடொன்று உராய்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள பிணைப்புகள் முறிகின்றன. ஒவ்வொரு முறிவும் ஒரு சின்னஞ்சிறு சொடுக்கு. அத்தகைய எண்ணற்ற சொடுக்குகள் அரை விநாடிக்குள் அடுத்தடுத்து நிகழ்வதையே நாம் 'நறநற' என்று கேட்கிறோம். மாவுப் பையிலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. நெருக்கமாக அடைபட்ட உலர்ந்த துகள்கள் அழுத்தம் தாங்காமல் உராய்ந்து வழுக்குகின்றன. காதுக்குத் தெரிவதெல்லாம், 'உலர்ந்த சிறு துகள்கள் பல நெருக்குண்டு நொறுங்குகின்றன' என்னும் செய்தி மட்டுமே. அதற்குப் 'பனி' என்று பெயர் சூட்டுவது கண்.

இதைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். காது பொருளின் பெயரை அறிவதில்லை. ஒலி எவ்வளவு திடீரென்று தொடங்குகிறது, அதில் எந்தெந்த அதிர்வெண்கள் கலந்துள்ளன, அவை எத்தனை விரைவில் தேய்ந்து மறைகின்றன என்பவற்றைக் கொண்டு, பொருள் உலோகமா மரமா, பெரிதா சிறிதா, தட்டப்பட்டதா தேய்க்கப்பட்டதா என்று அது ஊகிக்கிறது. அந்த ஊகத்துக்கு இடையூறு செய்யாத எந்தப் பொருளையும் வேறொன்றாகக் கேட்கச் செய்யலாம். விளையாட்டுகளுக்கு ஒலி திரட்டுகிறவர்கள் வாணலி, கதவு, பழைய செருப்பு, காய்கறி என்று அன்றாடப் பொருள்களோடு மல்லுக்கட்டுவது இதனால்தான்.

ஃபோலி காட்டிய வழி

இந்தக் கலைக்கு ஒரு மனிதரின் பெயரே நிலைத்துவிட்டது. ஜாக் ஃபோலி என்பவர் 1891இல் பிறந்து 1967இல் மறைந்த அமெரிக்கர். யுனிவர்சல் திரைப்பட நிறுவனத்தில் பணியாற்றியவர். பேசாப் படங்கள் பேசத் தொடங்கிய காலம் அது. 1929இல் வெளிவந்த 'ஷோ போட்' என்ற படத்துக்காக, திரையில் ஓடும் காட்சியைப் பார்த்துக்கொண்டே அதற்கேற்ற ஓசைகளை எழுப்பிப் பதிவு செய்த குழுவில் அவரும் ஒருவர். பிற்காலத்தில் நடிகர்களின் நடையைக் கவனித்து, நின்ற இடத்திலேயே அதே நடையை நடந்து காட்டுவதில் வல்லவரானார். இன்றும் உலகெங்கும் இவ்வாறு ஓசை எழுப்புபவர்களை 'ஃபோலி கலைஞர்' என்றே அழைக்கிறார்கள். நம் எழுத்தில் அந்தப் பெயரின் ஆய்தத்தை எடுத்துவிட்டால் 'போலி' என்று ஆகிவிடுகிறது. தற்செயல்தான் என்றாலும் எத்தனை பொருத்தம்!

குதிரைக் குளம்போசைக்குத் தேங்காய்ச் சிரட்டை. இதை நீங்களே செய்து பார்க்கலாம். சிரட்டையைக் கவிழ்த்துத் தரையில் தட்டும்போது கடினமான ஓடு தரையில் மோதுகிறது. அதே கணத்தில் உள்ளே அடைபட்ட காற்றும் அதிர்ந்து 'டொக்' என்ற ஒரு குழிந்த ஒலியைச் சேர்க்கிறது. நெருப்பு எரியும் ஓசைக்குச் செல்லோஃபேன் தாளைக் கசக்குகிறார்கள். எலும்பு முறியும் ஓசைக்கு மேனாட்டுக் கலைஞர்கள் செலரி என்னும் கீரைத்தண்டை ஒடிப்பார்கள். நமக்கு முருங்கைக்காய் இருக்கவே இருக்கிறது. சண்டைக் காட்சியைக் கேட்டு நடுங்குகிறவர்கள் அடுத்த முறை சாம்பாரை நினைத்துக்கொள்ளலாம்.

வீடியோ விளையாட்டுகள் இந்தச் செல்வத்தை உடனே எடுத்துக்கொள்ள முடியவில்லை. 1972இல் வெளிவந்த 'பாங்' என்ற விளையாட்டை அமைத்த ஆலன் அல்கார்னிடம், பந்து அடிபடும்போது பெருங்கூட்டம் ஆர்ப்பரிக்கும் ஓசை வேண்டும் என்று கேட்டார்கள். அன்றைய மின்சுற்றில் அதற்கு வழியேது? திரையில் படத்தை ஒழுங்காக ஓட்டுவதற்கென்று ஏற்கெனவே சுற்றில் இருந்த அலைகளிலிருந்து காதுக்குக் கேட்கக்கூடிய சிலவற்றைத் தேடி எடுத்து, 'பிங்', 'பாங்' என்று ஒலிக்கவிட்டார் அவர். 1978இல் ஜப்பானியரான நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டிலோ இறங்குமுகமான நான்கே சுரங்கள். பகைவர் எண்ணிக்கை குறையக் குறைய அவை விரைந்து ஒலிக்கும். விளையாடுபவரின் நெஞ்சும் கூடவே அடித்துக்கொள்ளும்.

பதிவு செய்த ஒலியைப் பயன்படுத்துவதற்குத் தடையாக இருந்தது நினைவக இடம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறுந்தட்டின் தரத்தில் ஒலியைச் சேமிக்க, விநாடிக்கு 44,100 முறை அலையின் உயரத்தை அளக்க வேண்டும்; ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட்டுகள். ஆக, விநாடிக்கு 88,200 பைட்டுகள். 1990இல் ஜப்பானில் வெளிவந்த 'சூப்பர் ஃபாமிகாம்' கருவியில் ஒலிக்கென்று ஒதுக்கிய நினைவகம் 64 கிலோபைட்டு, அஃதாவது 65,536 பைட்டுகள். வகுத்தால் முக்கால் விநாடி கூட வரவில்லை! ஒலியைச் சுருக்கியும் தரத்தைக் குறைத்தும் அந்தச் சிறு இடத்துக்குள் இசையையும் ஓசைகளையும் அடக்கியவர்களின் திறமை பாராட்டுக்குரியது. பின்னர் குறுந்தட்டும் பெரிய நினைவகங்களும் வந்தபோதுதான் சிரட்டையும் மாவுப் பையும் விளையாட்டுக்குள் தாராளமாக நுழைந்தன.

இரண்டு அடிகள் ஒன்றுபோல் விழுவதில்லை

திரைப்படத்தில் கதாநாயகன் ஒரு படிக்கட்டில் ஏறுகிறான் என்றால், எத்தனை படி, எந்தக் கணத்தில் கால் விழுகிறது என்பதெல்லாம் முன்பே முடிவானவை. ஒருமுறை பதிவு செய்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. விளையாட்டில் அப்படியில்லை. வீரன் எப்போது நடப்பான், எங்கே நிற்பான், மரப்பலகையில் ஓடுவானா, சேற்றில் குதிப்பானா என்பது விளையாடுபவரின் விரலில் இருக்கிறது. ஆகவே முழு ஓசையைச் செய்துவைக்க இயலாது. ஓசையின் உறுப்புகளைச் செய்துவைத்து, வேண்டிய கணத்தில் கணிப்பொறியே பொருத்திக்கொள்ளும்படி விட்டுவிட வேண்டும்.

முதல் சிக்கல் இங்கேயே முளைக்கிறது. ஒரே ஒரு காலடியைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் ஐந்தாறு அடிகளுக்குள் காது கண்டுபிடித்துவிடும். மனிதன் நடப்பது போலன்றித் தையல் இயந்திரம் ஓடுவது போலக் கேட்கும். உண்மையில் நாம் வைக்கும் இரண்டு அடிகள் ஒருபோதும் ஒன்றுபோல் விழுவதில்லை. எனவே குதிகால் படும் ஓசையில் ஆறு, முன்பாதம் படும் ஓசையில் ஆறு என்று தனித்தனியே பதிவு செய்கிறார்கள் என்று கொள்வோம். ஏதேனும் ஒரு குதிகாலும் ஏதேனும் ஒரு முன்பாதமும் சேர்ந்தால் 36 வெவ்வேறு காலடிகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஒலியளவையும் சுருதியையும் இம்மியளவு கூட்டிக் குறைத்தால் காது ஏமாந்துவிடும். மணல், சரளை, பலகை, ஈரத்தரை, உலோகத் தகடு என்று ஒவ்வொரு தரைக்கும் இப்படி ஒரு தொகுதி தேவை. நடை வேறு, ஓட்டம் வேறு. ஒலிப்பதிவாளர் ஒரு முழு நாளையும் காலடிகளிலேயே கழித்தால் அதில் வியப்பில்லை.

கரண்டி ஒரு மீட்டர் நீளமான கதை

இனி, இயற்பியல் படிப்பவர்கள் சுவைக்க வேண்டிய பகுதி. தோசைக் கரண்டி ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஓர் ஆணியால் தட்டுங்கள். 'டிங்' என்ற ஒலியைப் பதிவு செய்து, அதைப் பாதி வேகத்தில் ஒலிக்கவிடுங்கள். அதிர்வெண்கள் எல்லாம் பாதியாகும்; ஒலி நீடிக்கும் நேரம் இரு மடங்காகும். கேட்பவருக்கு 'மெதுவாக்கிய கரண்டி' என்று தோன்றாது. பெரிய கரண்டி என்றே தோன்றும். ஏன்?

உலோகத் துண்டில் அதிர்வு என்பது அதனுள்ளே முன்னும் பின்னும் ஓடும் அலைதான். துண்டின் நீளம், அகலம், தடிப்பு ஆகிய மூன்றையும் இரு மடங்காக்கினால், வளைந்து அதிரும் பட்டையின் அதிர்வெண் பாதியாகிவிடும். சூத்திரம் அறிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்: அதிர்வெண் தடிப்புக்கு நேர்விகிதத்திலும், நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். இரண்டை நான்கால் வகுத்தால் பாதி. அடிப்படைச் சுரம் மட்டுமன்று. அதன் மேற்சுரங்கள் அத்தனையும் அதே விகிதத்தில் இறங்கும். பெரிய பொருள் ஒலிப்பதற்கும் சிறிய பொருளின் பதிவை மெதுவாக ஓட்டுவதற்கும் காதால் பெரிய வேறுபாடு காண முடியாது.

ஆகவே 25 சென்டிமீட்டர் நீளமும் 50 கிராம் எடையும் உள்ள ஒரு மெல்லிய எஃகுக் கரண்டியின் ஒலியை நான்கு மடங்கு மெதுவாக்கினால் என்ன ஆகும்? நீளம் நான்கு மடங்கு: ஒரு மீட்டர். பருமனோ 4×4×4 = 64 மடங்கு: 3.2 கிலோகிராம். சற்றுக் கனமான வாள்தான். ஆனால் விளையாட்டில் வரும் அரக்கர்கள் தூக்கிவிடுவார்கள்!

இதில் ஒரு பொறி உண்டு. குறுந்தட்டு முறையில் பதிவு செய்தால் ஏறக்குறைய 22,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளே பதிவாகும். மனிதக் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரணமாக இது போதும். ஆனால் நான்கு மடங்கு மெதுவாக்கியதும் அந்த மேல் எல்லை 5,500 ஹெர்ட்ஸாக இறங்கிவிடும். அதற்கு மேல் வெறுமை. ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கிவிடும். இதனால்தான் இத்துறையினர் விநாடிக்கு 96,000, சில வேளைகளில் 192,000 அளவுகள் எடுக்கும் கருவிகளையும், காதுக்கு எட்டாத உயர் அதிர்வுகளையும் உணரும் ஒலிவாங்கிகளையும் நாடுகிறார்கள். கரண்டி எழுப்பும் ஒலியில் நமக்குக் கேட்காத பகுதியும் இருக்கிறது. மெதுவாக்கும்போது அது கீழே இறங்கி வந்து, வாளின் கூர்மையான பளிச்சிடலாகக் கேட்கிறது.

கம்பிகளில் வேறொரு விந்தையும் உண்டு. 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வரும் கதிர்த் துப்பாக்கியின் ஓசைக்காக, பென் பர்ட் என்ற ஒலியமைப்பாளர் வானொலிக் கோபுரம் ஒன்றை இழுத்துக் கட்டியிருந்த எஃகுக் கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பதிவு செய்தார். விறைப்பான கம்பியில் வளைவு அலைகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதிர்வெண் மிகுந்தவை முந்திக்கொள்கின்றன. ஒரே அடியில் பிறந்தவை வழியில் பிரிந்து, உயர்ந்த சுரம் முதலிலும் தாழ்ந்த சுரம் பின்னாலுமாக வந்து சேர 'பியூ...' என்று இறங்கும் ஓசை கேட்கிறது. அந்தப் படத்துக்குப் பின் வந்த விண்வெளி விளையாட்டுகளின் துப்பாக்கிகளெல்லாம் இன்றும் 'பியூ' என்கின்றன!

கதவுக்கு உயிர் வருவது எப்படி?

துருப்பிடித்த கீலில் கதவு கிறீச்சிடுவதை மெதுவாக்கினால் ஏதோ ஒரு விலங்கு முனகுவது போலிருக்கும். இது வெறும் மனப்பிரமை அன்று. கீலில் இரு பரப்புகள் ஒட்டிக்கொள்கின்றன, விசை மிகுந்ததும் சட்டென்று வழுக்குகின்றன, மறுபடி ஒட்டுகின்றன. விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை இந்த ஒட்டலும் வழுக்கலும் மாறிமாறி நிகழ்கின்றன. நம் தொண்டையிலும் ஏறக்குறைய இத்தகையதே நடக்கிறது. குரல்நாண்கள் மூடிக்கொள்கின்றன, நுரையீரலின் காற்றழுத்தம் அவற்றைத் தள்ளித் திறக்கிறது, மறுபடி மூடுகின்றன. இரண்டிலும் பிறப்பது துடிப்புகளின் வரிசை. அதனால் இரண்டிலும் அடிப்படைச் சுரத்தின் மடங்குகளான மேற்சுரங்கள் நிறைந்திருக்கின்றன. கதவைத் தள்ளும் வேகம் மாறினால் சுருதியும் ஏறி இறங்கும், ஓர் உயிர் உணர்ச்சியோடு கத்துவது போல. வயலின் வில் தந்தியில் ஒட்டி வழுக்குவதும் இதே வகைதான் என்றால், இசை விரும்பிகள் கோபித்துக்கொள்ளக்கூடாது.

சில வேளைகளில் விலங்கே நேராக வந்து உதவும். 'மைன்கிராஃப்ட்' விளையாட்டில் வெள்ளைப் பூதம் போல மிதந்து வரும் 'காஸ்ட்' என்ற உயிரின் அலறல் உங்களில் பலருக்கு அறிமுகமாக இருக்கும். அந்த ஓசையைத் தந்தது, விளையாட்டுக்கு இசையும் ஒலியும் அமைத்த டேனியல் ரோசன்ஃபெல்டு வளர்த்த பூனை!

ஆனால் எல்லாவற்றையும் இப்படி நீட்டிச் சுருக்கிவிட முடியாது. கார்ப் பந்தய விளையாட்டு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. நான்கு உருளைகள் கொண்ட நான்கு வீச்சு எஞ்சினில், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் வெடிக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் என்றால் விநாடிக்கு 50 சுற்றுகள், 100 வெடிப்புகள்; எனவே 100 ஹெர்ட்ஸ். 6,000 சுற்றுகளில் 200 ஹெர்ட்ஸ். அப்படியானால் 3,000 சுற்றில் எடுத்த பதிவை இரு மடங்கு விரைவாக ஓட்டினால் 6,000 சுற்றின் ஓசை கிடைத்துவிடாதா? கிடைக்காது. வெடிப்பின் வேகம்தான் இரு மடங்காகிறதே தவிர, புகைபோக்கிக் குழாயின் நீளம் மாறவில்லை. குழாய்க்கும் காரின் உடலுக்கும் உரிய ஒத்ததிர்வுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். பதிவை விரைவாக ஓட்டினால் அவையும் சேர்ந்து மேலே போய்விடும். கார் பொம்மைக் காராகச் சுருங்கிவிடும். கரண்டிக்கு உதவிய அதே விதி இங்கே காலை வாரிவிடுகிறது. ஆகவே காரை உருளைகளின் மேல் நிறுத்தி, சக்கரம் சுழன்றாலும் கார் நகராதபடி கட்டி, எஞ்சினருகே ஒன்று, புகைபோக்கியருகே ஒன்று, ஓட்டுநர் இருக்கையருகே ஒன்று என ஒலிவாங்கிகளை வைத்து, வெவ்வேறு சுற்று வேகங்களில் பதிவு செய்கிறார்கள். பின்னர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல நழுவிச் செல்லும்படி கணிப்பொறி பார்த்துக்கொள்கிறது.

அறையையும் பதிவு செய்யலாம்

வாளோசையும் காலடியும் கிடைத்தாயிற்று. வீரன் குகைக்குள் நுழைகிறான். அவன் காலடி இப்போது முழங்க வேண்டும். வெளியே வந்ததும் முழக்கம் நின்றுவிட வேண்டும். எனவே ஓசைகளைப் பதிவு செய்யும்போது அவற்றில் அறையின் முழக்கம் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வார்கள். கனத்த திரைகளும் மெத்தைகளும் சூழ, 'வறண்ட' ஒலியாகப் பதிவு செய்வார்கள். ஈரத்தை வேண்டும்போது சேர்த்துக்கொள்ளலாம். ஒருமுறை ஊறிவிட்டால் பிழிந்து எடுப்பது கடினம்.

மெத்தை என்றதும் வாலஸ் சபைன் நினைவுக்கு வருகிறார். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சே விளங்கவில்லை. சொன்ன சொல் ஏறக்குறைய ஐந்தரை விநாடி முழங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் அதன் மேல் ஏறிவிடும். இதைச் சரிசெய்யும் பொறுப்பு இயற்பியல் துறையின் இளம் ஆசிரியர் சபைனிடம் வந்தது. அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி மறையும் நேரத்தைக் கடிகாரத்தால் அளப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவார். மண்டபத்தின் கனஅளவு மிகுந்தால் முழக்கம் மிகும், ஒலியை உறிஞ்சும் பரப்பு மிகுந்தால் குறையும் என்ற விதி இவ்வாறு கிடைத்தது. 1900இல் திறந்த பாஸ்டன் இசை அரங்கு அந்த விதியைக் கொண்டு அமைத்ததே.

இன்று முழக்கத்தையே தனியே பதிவு செய்கிறார்கள். ஒரு குகையிலோ பெரிய கோயில் மண்டபத்திலோ பலூன் ஒன்றை ஊசியால் குத்தி வெடித்து, அதைத் தொடர்ந்து வரும் முழக்கத்தைப் பதிவு செய்தால், அதுவே அந்த இடத்தின் 'கைரேகை'. எந்த ஓசையையும் மிக மெல்லிய நேரத் துண்டுகளாக அரிந்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு குட்டிப் பலூன் வெடிப்பாகக் கருதுங்கள். மண்டபம் ஒவ்வொன்றுக்கும் அதே கைரேகையைப் பதிக்கும். எல்லாவற்றையும் கூட்டினால், அந்த மண்டபத்தில் அந்த ஓசை எப்படிக் கேட்குமோ அது வந்துவிடும். விநாடிக்குப் பல கோடிப் பெருக்கல்களும் கூட்டல்களும் வேண்டும். கணிப்பொறிக்கு அது பொருட்டன்று.

தொலைவையும் கணிப்பொறியே சேர்க்கிறது. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். தொலைவு மிக மிகக் காற்று உயர் அதிர்வெண்களை அதிகமாக உறிஞ்சிவிடும். அருகில் 'பளீர்' என்ற இடி தூரத்தில் 'குமு குமு' என்று உருள்வதற்கு இதுவும் ஒரு காரணம். வலப்பக்கத்து ஓசை இடக் காதை ஏறக்குறைய 0.0006 விநாடி தாமதித்து அடைய வேண்டும். இதில் தவறினால் வீரன் தப்பான பக்கம் திரும்புவான்.

இதை வேடிக்கையாக எண்ணிவிடாதீர்கள். கெஞ்சி ஈனோ என்ற ஜப்பானியர், பார்வையற்றவர்களும் பார்வையுள்ளவர்களும் சமமாக விளையாட வேண்டும் என்பதற்காக, 1997இல் திரையில் படமே இல்லாத 'ரியல் சவுண்டு' என்ற விளையாட்டை வெளியிட்டார். முழுவதும் ஓசையாலும் பேச்சாலும் ஆனது அது. 2020இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் - பகுதி 2' என்ற விளையாட்டில், ஒலிக்குறிப்புகளை மட்டும் கேட்டுப் பார்வையற்றவர்கள் இறுதிவரை விளையாடி முடிக்க வழி செய்திருந்தார்கள். நமக்கு அலங்காரமாகத் தோன்றும் ஒரு காலடி ஓசை, இன்னொருவருக்கு அங்கே சுவர் இருக்கிறது, இங்கே பகைவன் நிற்கிறான் என்று காட்டும் வெளிச்சம்.

எந்தத் தவளை கத்துகிறது?

அப்படியானால் எதை வேண்டுமானாலும் எதுவாகவும் காட்டலாமா? எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. கலிஃபோர்னியாவில் பசிபிக் மரத்தவளை என்று ஓர் இனம் 'ரிபிட், ரிபிட்' என்று கத்தும். ஹாலிவுட்டுக்கு அருகிலேயே கிடைத்த தவளை என்பதால் அதன் குரலைப் பதிவு செய்து எல்லா நாட்டுக் காட்சிகளிலும் சேர்த்தார்கள். விளைவு, உலகத் தவளைகளெல்லாம் 'ரிபிட்' என்றே கத்தும் என்று கோடிக்கணக்கானோர் நம்புகிறார்கள். ஆஸ்திரேலியாவின் கூக்கபரா பறவை பழைய டார்சான் படங்களின் ஆப்பிரிக்கக் காட்டில் சிரித்தது. அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு திரையில் தோன்றும்போதெல்லாம் கேட்பது பெரும்பாலும் செவ்வால் பருந்து என்ற வேறு பறவையின் குரல். கழுகின் உண்மைக் குரல் அத்தனை கம்பீரமாக இல்லையாம்!

பனிக்குப் பதில் மாவு என்பதில் நாம் ஏமாறுவது பொருளின் தன்மையில் அன்று. துகள் நொறுங்குவது இரண்டிலும் உண்மை. கரண்டி வாளானபோதும் எஃகு எஃகாகவே இருந்தது. தவளைக் கதை வேறு. ஓர் இடத்தில் எந்த உயிர்கள் வாழ்கின்றன என்பது அந்த இடத்தைப் பற்றிய செய்தி. அதை மாற்றினால் பொய்யாகிவிடுகிறது. கரண்டியை வாளாக்குவது கலை. பசிபிக் தவளையைக் காவிரிக் கரையில் கத்தவிடுவது சோம்பல். நம் ஊரில் நடக்கும் கதையாக ஒரு விளையாட்டு அமைந்தால், அதில் மழை இரவில் நம் தவளை 'கொர்ர்' என்றுதான் கத்த வேண்டும்; உச்சி வெயிலில் செம்போத்து 'ஊப், ஊப்' என்று அடித்தொண்டையில் கூவ வேண்டும்; ஆட்டுக்கல்லில் மாவு அரைபட வேண்டும். இந்த ஓசைகளைக் கரண்டியிலிருந்தும் கதவிலிருந்தும் எடுக்க முடியாது. அங்கே போய் நின்றுதான் பதிவு செய்ய வேண்டும்.

அதற்குப் பெரிய கருவி எதுவும் உடனே வேண்டியதில்லை. வீட்டிலுள்ள கைப்பேசியே தொடக்கத்துக்குப் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பல கைப்பேசிகள் பேச்சைத் தெளிவாக்குவதற்காக மற்ற ஓசைகளை 'இரைச்சல்' என்று எண்ணித் தாமாகவே அழித்துவிடும். மழையைப் பதிவு செய்தால் மழையே மாயமாகிவிடும்! அமைப்புகளில் அந்த வசதியை நிறுத்த முடியுமா என்று பாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். நிறுத்த இயலாதபோது ஒலிவாங்கியைப் பொருளுக்கு அருகே கொண்டுபோங்கள்; ஒரு மீட்டரிலிருந்து 25 சென்டிமீட்டருக்கு வந்தால், வேண்டிய ஒலியின் செறிவு 16 மடங்கு, அஃதாவது 12 டெசிபெல் உயரும்; விசிறியின் இரைச்சல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். வெளியே காற்று ஒலிவாங்கியில் நேராக மோதி 'பொடபொட' என்று கெடுக்கும். தொழில்முறையாளர்கள் அதற்கு மயிரடர்ந்த உறை ஒன்றை மாட்டுவார்கள். கம்பளித் துணி ஒரு சுற்றுச் சுற்றினால் ஓரளவு பயன் தரும்.

இலவசமாகக் கிடைக்கும் 'ஆடாசிட்டி' போன்ற மென்பொருளைக் கணிப்பொறியில் ஏற்றிக்கொண்டால் பதிவின் வேகத்தை மாற்றலாம். முதலில் எஃகுக் கரண்டியை நூலில் தொங்கவிட்டுத் தட்டிப் பதிவு செய்து, பாதி வேகத்திலும் கால் வேகத்திலும் கேளுங்கள். பிறகு அதே அளவுள்ள மரக் கரண்டி. அது மெதுவாக்கினால் வாளாகிறதா, அல்லது வேறொன்றாகிறதா? ஒலி தேயும் நேரத்தை இரண்டிலும் அளந்து பாருங்கள். கதவு, சிரட்டை, குடம் எல்லாம் அப்புறம். ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, இடம், பொருள், ஒலிவாங்கி இருந்த தொலைவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் உடனுக்குடன் எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால், ஆறு மாதம் கழித்துக் கேட்கும்போது எது கரண்டி, எது கத்தி என்று உங்களுக்கே தெரியாது.